ஆடியில் எண்ணிய தெரு

காசிலிங்கம் தெருவுக்குக் கிளி தேய்பிறைச் சீட்டை எடுத்துவிட்டது. ஆவணி முதல் தேதி காலை ஆறரை மணிக்கு, பால் வண்டி வருவதற்கு முன்பே, செய்தி எல்லார் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது.

கிளி என்றால் சிறகடிக்கிற கிளி இல்லை. நகரக் கணிப்பகத்தின் கணிப்பு இயந்திரம். அதற்கு அரசாணையில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் சென்னைக்காரர்கள் யாருக்குத்தான் பட்டப்பெயர் வைக்காமல் விட்டார்கள்? எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், யார் காலி செய்கிறார்கள், எத்தனை பிள்ளை பிறக்கிறது, எத்தனை கதவில் பூட்டுத் தொங்குகிறது என்று எல்லாவற்றையும் தின்று செரித்துவிட்டு, இன்னும் பத்து வருஷத்தில் அந்தத் தெரு என்ன கதி ஆகும் என்று ஒரே ஒரு சீட்டு எடுத்துப் போடும். வளர்பிறை, இல்லாவிட்டால் தேய்பிறை. கூண்டும் நெல்மணியும்தான் பாக்கி.

வளர்பிறை வந்தால் வங்கிக்காரன் கூப்பிட்டுக் கடன் கொடுப்பான். தேய்பிறை வந்தால் அந்தத் தெருவில் வீடு வாங்கக் கடன் கிடையாது. மாநகராட்சி தன் பிரசவ ஆஸ்பத்திரியை வேறு வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். மினி பஸ் வராது. கடைசியில், மொத்தமாக வாங்கி இடித்துப்போடுகிற கம்பெனி வரும். அது வந்த தெருக்களை அமுதவாணி நேரில் பார்த்திருக்கிறாள். பதினோரு வருஷமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களை எண்ணிக் கணிப்பகத்துக்குக் கொடுக்கிறவள் அவள்தான்.

செய்தியை அவள் இரண்டாம் தடவை படித்தாள். அவள் குடியிருப்பதும் அதே காசிலிங்கம் தெருவில்தான். சொந்தத் தெருவை எண்ணக்கூடாது என்ற விதி ஆள் பற்றாக்குறையில் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆடி மாசம் இந்தத் தெருவை எண்ணி அனுப்பியது அவள்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் தணிகாசலம் லுங்கியோடு இறங்கி வந்தார்.

"வாணிம்மா, இது என்னம்மா அநியாயம்? போன வருஷம் வரைக்கும் வளர்பிறையில இருந்த தெரு. ராத்திரியோட ராத்திரியா எப்படித் தேயும்?"

"எங்கயோ தப்பு நடந்திருக்கு அங்கிள். ஆபீஸ்ல போய்க் கேக்கறேன்."

"சீக்கிரம் கேளு தாயி. என் பையன் அதுக்குள்ள ரெண்டு போன் பண்ணிட்டான். இடிக்கிற கம்பெனிக்காரன் இப்பவே பேசறானாம். மூணு மாசம் போனா சீந்தக்கூட மாட்டானாம். நான் என்னம்மா பண்றது? நானும் வயசானவன்."

அவர் கெட்டவர் இல்லை. பதினாலு வருஷத்தில் ஒருநாள் முகம் கோணியதில்லை. ஆனால் பிள்ளை பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன்.

அவர் மேலே போனதும் உள்ளே இருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வாணி, வீட்டை விக்கப்போறாரா?"

"இல்லப்பா. சும்மா பேசிட்டுப் போறாரு."

வரதராஜன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி ஆறு வருஷத்துக்கு முன்பு இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. ஆனாலும் தினம் காலையில் தனியாகக் கிளம்பிவிடுவார். நடையின் சுவரை வலது கையால் தடவிக்கொண்டே வாசலுக்கு வருவார். அவர் கை பட்டுப் பட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு விழுந்திருந்தது. வாசலிலிருந்து டீக்கடைக்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு. நடுவில் மாவு மில் வாசனை வந்தால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால் பள்ளம். போய் டீ குடித்து, நாலு பேரிடம் வம்பளந்து, தானே திரும்பி வருவார். "இந்தத் தெருவுல எனக்குக் கண்ணு இருக்கு. வேற எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டா நான் குருடன்" என்பார்.

அதனால்தான் அமுதவாணிக்கு அவ்வளவு பயம். இந்த வீடு போனால் அப்பாவுக்கு இரண்டாம் தடவை கண் போகும்.

* * *

மண்டல அதிகாரி ஜெயசீலன் அவளை உட்காரச் சொன்னார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"தை மாசம் மீட்டிங்ல நீங்க ஒரு யோசனை சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அவளுக்குக் கைதட்டல் விழுந்த ஒரே மீட்டிங் அது. வருஷம் பூராவும் எண்ணினால், இன்றைக்கு இங்கே எண்ணிய குடும்பத்தை அடுத்த மாசம் இன்னொரு தெருவில் மறுபடியும் எண்ண வேண்டியிருக்கிறது. ஆடியில் எவனும் வீடு மாற்ற மாட்டான். ஆடி ஒரே மாசத்தில் எண்ணி முடித்தால் தலை பிசகாது என்று எழுந்து நின்று சொன்னாள். எல்லாரும் 'அட, ஆமாம்' என்றார்கள். சோதனைக்கு அவள் வார்டையே கொடுத்தார்கள்.

"ஆடியில நீங்க அனுப்பின கணக்கு இது. பதினெட்டுலேர்ந்து முப்பத்தஞ்சு வயசுப் பொண்ணுங்க, தெருவுல மொத்தமே முப்பத்தெட்டு பேர். புதுசாக் குடி வந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. போன வருஷம் எழுபத்தஞ்சு பொண்ணுங்க இருந்த தெரு அமுதவாணி இது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சார்! இந்த வைகாசியில எங்க தெருவுல மட்டும் ஒன்பது கல்யாணம். ஒன்பது பொண்ணும் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. மிச்சப் பேரு கூழ் ஊத்த, மொட்டை போடன்னு பிள்ளைங்களோட சொந்த ஊருக்கு. நான் போனப்ப வீட்டுல ஆம்பளைங்கதான் ரசம் வெச்சிட்டிருந்தாங்க."

"அதை நீங்க எழுதலையே."

"கண்ணால பாத்த ஆளை மட்டும்தானே சார் எழுதணும்?"

அதுதான் விதி. முன்னெல்லாம் கிளி கைபேசியை நம்பிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கைபேசியை ஒரு வீட்டில் வைத்துவிட்டு இன்னொரு வீட்டில் படுத்து அதை ஏமாற்றினார்கள். அதற்குப் பிறகு, எண்ணுகிறவள் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

"கிளிக்கு ஆடி மாசம் தெரியாதா சார்? தமிழ்நாட்டுலதானே இருக்கு?"

ஜெயசீலன் வறட்டுச் சிரிப்புச் சிரித்தார். "வருஷம் பூரா எண்ணினப்ப ஆடியும் அதுல ஒரு துளியா இருந்துச்சு, தெரியல. இப்ப ஆடியை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டோம். அது என்ன பண்ணும்? பொண்ணுங்க புருஷனை விட்டுட்டுப் போற தெரு, யாரும் குடி வராத தெரு, நல்ல காரியம் நடக்காத தெருன்னு எடுத்துக்கிச்சு. அதுக்குத் தெரிஞ்சவரைக்கும் இதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது."

"சரி சார், தப்புன்னு எழுதிச் சீட்டை மாத்திடுங்க."

"சீட்டு வெளிய போயிடுச்சும்மா. வங்கிங்க ஒரு நிமிஷத்துல படிச்சாச்சு. மறு எண்ணிக்கை ஒண்ணுதான் வழி. ஒரே தடவை. இன்னியிலேர்ந்து பதினாலாம் நாள், கூட ஒரு அதிகாரி சாட்சியா வரணும், நானே வரேன். எழுபது பொண்ணுங்க இருந்தா சீட்டு மாறும். அறுபத்தொன்பதுன்னாலும் மாறாது."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. எழுபது என்ன, எண்பதே தேறும். ஆடி முடிந்தது, பெண்கள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். ஆபீஸ் படிக்கட்டை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

தெருமுனையில் மூன்று மினி லாரிகள் நின்றிருந்தன.

* * *

ஆடி முழுக்க அடக்கி வைத்திருந்த ஜனம் ஆவணி பிறந்ததும் வீடு மாறும். அது வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த ஆவணியில் போகிற வண்டிகள்தான் இருந்தன, வருகிற வண்டி ஒன்றுகூட இல்லை. தேய்பிறைத் தெருவில் எவன் பால் காய்ச்சுவான்?

நாலாவது நாள் எதிர்வீட்டுத் துர்கா கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வைகாசியில் கல்யாணமானவள். அமுதவாணிதான் அவளுக்குச் சீர்த்தட்டு எடுத்துப் போனாள்.

"பதினாலு நாள் பொறுக்கக்கூடாதா துர்கா? சீட்டு மாறிடும்டி."

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? ஆஸ்பத்திரியை எடுக்கறாங்களாமே. நாளைக்கு ஒரு குழந்தைன்னு உண்டானா நான் எங்க ஓடறது? அவரும் இங்க வீடு வாங்கணும்னுதான் இருந்தாரு. லோன் தர மாட்டேன்னுட்டான்." அவள் கண் கலங்கியிருந்தது. "கிளி சொல்லிடுச்சுன்னா நடந்துடும்னு எங்க மாமியார் ஒரே அழுகைக்கா."

அந்தச் சீட்டு தான் எண்ணிக் கொடுத்த கணக்கால் வந்தது என்று சொல்ல அமுதவாணிக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் தனியாக ஒரு தடவை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதினோரு குடும்பம் போயிருந்தது. மிச்சமிருந்த இளம்பெண்கள் அறுபத்தொரு பேர். மறுபடியும் எண்ணினாள். அறுபத்தொன்றுதான். பொய்யாகப் போட்ட சீட்டு பன்னிரண்டே நாளில் மெய்யாகிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்பா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை குறையுது?"

"ஒன்பது."

"ஓகோ" என்றார் வரதராஜன். கையைக் கழுவிக்கொண்டு தன் பழைய கைபேசியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

* * *

பதினாலாம் நாள் ஜெயசீலன் காலை எட்டு மணிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. அமுதவாணி பலகையைத் தூக்கிக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள். பலகை என்பது எண்ணுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் திரை. விரலால் தட்டிய ஆள் உடனே கிளியின் வயிற்றுக்குள் போய்விடுவார்.

பதினோரு மணிக்குள் முக்கால்வாசித் தெரு முடிந்தது. அவள் போட்ட மனக்கணக்கு அட்சரம் பிசகவில்லை. காலி வீடுகள் தெருவின் கடைசியில்தான் இருந்தன. அங்கே போய்ப் பூட்டைப் பார்த்து 'காலி' என்று தட்டினால் முடிந்தது கதை.

அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் பூட்டு இல்லை. வாசலில் புதுசாகக் கோலம்.

கதவைத் திறந்தது துர்கா. பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பர் மூன்று நாள் பழசு.

"வாங்கக்கா, வாங்க சார்" என்றாள் துர்கா. அவள் கழுத்தில் வியர்வை மின்னியது.

வீட்டில் கட்டில் இல்லை. அலமாரி இல்லை. சாமி படம் இல்லை. ஜெயசீலன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காலண்டர் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

"இங்கதான் குடியிருக்கீங்களாம்மா?"

"ஆமா சார்."

"குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

துர்கா யோசிக்கவே இல்லை. "ஆறே முக்காலுக்கு சார். மழைன்னா வராது. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். நாளைக்கு எங்க முறை."

பத்து நாளைக்கு முன்பு வரை இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது! ஜெயசீலன் அமுதவாணி பக்கம் திரும்பினார். "நீங்கதான் எண்ணறவங்க. நீங்க சொல்லுங்க."

பதினோரு வருஷம். ஒரு பொய்ப்புள்ளி வைத்ததில்லை அவள். புதுசாகக் குடி வந்த வீடு என்றால், முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நகர்வார்கள். அவள் அயர்ன் வண்டிக்காரரைக் கேட்டு, மளிகைக்கடையில் கேட்டு, விடாமல் நிரப்புவாள். அப்படிப்பட்ட விரல் இப்போது திரைக்கு மேலே நின்றது. பயமாக இருந்தது. அப்பாவின் நூற்றுப் பன்னிரண்டு எட்டும் நினைவுக்கு வந்தது.

"இருக்காங்க சார்" என்றாள். தட்டினாள்.

அடுத்த வீட்டிலும் பால் பொங்கியது. அதற்கடுத்த வீட்டிலும். பதினோரு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். தெருக்கோடியில் அவள் பலகையைப் பார்த்தபோது எழுபத்திரண்டு என்று காட்டியது.

ஜெயசீலன் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். டீக்கடைப் பக்கம் வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நானும் ஆணியைப் பாத்தேன்."

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்ப ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆடியில நாம எழுதினதும் பொய்தானே. நான்தானே அதையும் மேல அனுப்பினேன்? அதை நம்பி ஒரு தெரு காலி ஆச்சு. இதை நம்பி நிறையட்டுமேன்னு போட்டேன். கிளி நடக்கப்போறதைச் சொல்லுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது சொல்றதைத்தான் நாம நடத்திக் காட்டறோம்." குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரில் நின்றாள். "யாருப்பா இவங்களை எல்லாம் கூப்பிட்டது?"

"முப்பது வருஷம் கூவிக் கூவி ஆள் ஏத்தினவன்டி நான்" என்றார் வரதராஜன். "ஒரு நாளைக்கு பஸ்ஸை ரொப்ப முடியாதா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

* * *

சீட்டு மாறியது. ஆனால் மாறிய விதம்தான் யாரும் நினைக்காதது.

முப்பத்தெட்டு என்ற எண்ணும் எழுபத்திரண்டு என்ற எண்ணும் கிளியின் வயிற்றில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. ஒரே மாசத்தில் இளம்பெண்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆன தெரு இந்த ஊரில் வேறு கிடையாது. வெறும் வளர்பிறை இல்லை. ஊரிலேயே முதலிடம் என்று போட்டது. அந்த வாரமே வங்கிக்காரர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாக ஒரு மாடி கட்ட உத்தரவு வந்தது. துர்கா திரும்பி வரப் பார்த்தாள். அவள் விட்டுப் போன வீட்டுக்கு வாடகையைக் கேட்டுவிட்டு, குடிபோன ஆவடியிலேயே இருந்துகொண்டாள். மாவு மில் இருந்த இடத்தில் காப்பி விற்கும் கண்ணாடிக் கடை வந்தது. வரதராஜன் இரண்டு தடவை அதன் படியில் இடறி விழுந்தார்.

பொங்கல் கழிந்ததும் தெருவில் மினி லாரிகள் மறுபடியும் நின்றன. இந்தத் தடவை வருகிற வண்டிகளும் இருந்தன, போகிற வண்டிகளும் இருந்தன. பழைய ஆட்கள் போனார்கள், புது ஆட்கள் வந்தார்கள். அமுதவாணி ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.

அடுத்த ஆடி இரண்டாம் வெள்ளியன்று தணிகாசலம் ஒரு தூக்கில் கூழோடு வந்தார். தூக்கை நீட்டிவிட்டு நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"சொல்லுங்க அங்கிள்" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்ரிமென்ட் ஆனியோட முடிஞ்சுடுச்சேம்மா... பையன் நிக்க விட மாட்டேங்கறான். புதுசா வர்றவங்க கேக்கற வாடகையைக் கொடுக்கறாங்களாம். நான் சண்டை போட்டேன், உங்கப்பா சத்தியமா போட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆடியில யாரையும் எழுந்திரின்னு சொல்ல மாட்டேம்மா. எனக்கும் பாவபுண்ணியம் இருக்கு. ஆடி கழியட்டும்."

உள்ளே, சுவரைத் தடவிக்கொண்டு வந்த கை பாதியில் நின்றுவிட்டது.

* * *

அந்த வருஷம் முதல் அவள் வார்டில் எண்ணிக்கையை ஆவணிக்கு மாற்றியிருந்தார்கள். ஆடியில் எண்ணக்கூடாது என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்ததும் அமுதவாணிதான். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆவணி ஒன்பதாம் தேதி காலையில் மாதவரத்துக்கு அப்பால் இருக்கும் புது வீட்டிலிருந்து கிளம்பினாள். இரண்டு பஸ் மாற வேண்டும். கிளம்பும்போது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போதும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். குடிவந்து எட்டு நாளில் அவர் வாசல் வரைக்கும்கூட எண்ணவில்லை.

காசிலிங்கம் தெருவில் வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தவள் அந்தக் கதவின் முன்னால் கொஞ்சம் நின்றாள். பிறகு தட்டினாள்.

இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி திறந்தாள். தலையில் மல்லிகை, கையில் கரண்டி.

"எண்ணிக்கைக்கா மேடம்? உள்ள வாங்க. இன்னிக்குத்தான் பால் காய்ச்சினோம். குடிச்சுட்டுத்தான் போகணும்."

"பரவால்லம்மா, வேலை இருக்கு."

"ஐயோ, முதல் முதல்ல வீட்டுக்கு வந்தவங்க நீங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க."

தம்ளரை வாங்கிக்கொண்டாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. நடையில் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். இடுப்புயரத்தில் அந்தக் கோடு மங்கலாக மேலே வந்திருந்தது.

"ரெண்டு கோட்டிங் அடிச்சும் போகல மேடம், என்ன கறையோ" என்றாள் அந்தப் பெண்.

அமுதவாணி பாலைக் குடித்து முடித்தாள். பலகையை எடுத்தாள். குடும்பம் ஒன்று, புதுசு. முப்பத்தைந்து வயசுக்குட்பட்ட பெண்கள் இரண்டு பேர். தங்கையும் கூட இருக்கிறாளாம். எல்லாம் கண்ணால் பார்த்தது, எல்லாம் நிஜம். விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தது: முன்பு குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

"அது எங்களுக்குத் தெரியாதே மேடம்" என்று அந்தப் பெண் சங்கடத்தோடு சொன்னாள். "யாரோ ஒரு அம்மாவும் கண்ணு தெரியாத பெரியவரும் இருந்தாங்களாம். நீங்க வேணா பக்கத்துல யாரையாவது கேட்டுப் பாருங்களேன்."

"வேண்டாம்மா" என்றாள் அமுதவாணி.

மாதவரத்து விலாசத்தைக் கதவு எண்ணோடு, பின்கோடோடு முழுசாக எழுதினாள். அந்த வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் யாரையும் விசாரிக்காமல் அவள் அந்தக் கட்டத்தை நிரப்பியது அதுதான் முதல் தடவை.